பழைய காரைச் சீர்செய்து ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓர் அம்பாசடரும் இருக்கின்றன. இரண்டையும் ஓட்டுகிறேன். சிக்னலில், பெட்ரோல் பங்க்கில், கல்யாண மண்டப வாசலில், வாட்ஸப்பில் எல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற அம்பாசடர், ஃபியட் (அதாவது பத்மினி), ஹெரால்டு மூன்றையும் மனதில் வைத்து எழுதியது. கோடி ரூபாய் ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, அவர்களுக்கென்று தனி மெக்கானிக் இருப்பார்.

வின்டேஜ், கிளாசிக் எல்லாம் ஒண்ணுதானே சார்?

பேச்சில் ஒன்றுதான், சட்டத்தில் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் வின்டேஜ். ‘கிளாசிக்’குக்கு அந்த விதியில் இடமே கிடையாது. 1985 பத்மினி வைத்திருப்பவர் தாராளமாக அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

புது கார்ல இல்லாத சுகம் இதுல அப்படி என்னதான் இருக்கு?

சுகம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஏசி கிடையாது, ஸ்டியரிங் கனம், மழை வந்தால் வைப்பர் அதன் இஷ்டத்துக்கு ஆடும். ஆனால் இந்த வண்டிகளில் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்பரேட்டரில் ஒரு தகடு திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால் பாயிண்ட் (ஸ்பார்க் வர மின்சாரத்தை வெட்டிவிடுகிற சின்ன ஸ்விட்ச்) திறந்து மூடுவது தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் வரவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எதுவென்று நீங்களே கண்டுபிடிக்கலாம், லேப்டாப் வேண்டாம். அம்பாசடரின் 1489 சிசி, ஹெரால்டின் 948 சிசி, ஃபியட்டின் 1089 சிசி மூன்றுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றிக்கொள்ளும் வரிசை, 1-3-4-2தான். ஒன்றில் கற்றுக்கொண்டது மற்றதிலும் கைகொடுக்கும்.

தடுமாறி ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், பாயிண்டைச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகட்டை வைத்து இடைவெளியை 0.4 மி.மீ. ஆக்கி இறுக்கியதும் சீராக ஓடத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்புறம் விடியற்காலையில் அதே வண்டியில் ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் வரை போனால், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதை அடுத்த வாரம் பார்க்கவேண்டும் என்று ஓட்டும்போதே தெரிந்துவிடும். சீர்செய்வது தனி இன்பம், ஓட்டுவது தனி இன்பம் என்று சிலர் பிரிப்பார்கள். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஓட்டினால்தான் அடுத்த வேலை என்ன என்று தெரிகிறது, வேலை பார்த்தால்தான் ஓட்டத் தைரியம் வருகிறது.

முதல் வண்டியா எதை வாங்கலாம்? அம்பாசடரா, ஃபியட்டா, ஹெரால்டா?

கையில் அனுபவம் இல்லையென்றால் அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1957-58 வாக்கில் தொடங்கி 2014 மே வரை மேற்குவங்கத்தின் உத்தர்பாராவில் செய்துகொண்டே இருந்தார்கள். இடையில் கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது, எஞ்சின் மாறியது, ஆனால் கூடு அதேதான். அதனால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. ஒரே குறை, இதற்குத் தனி சேஸி கிடையாது. பாடியே எலும்பு. தரையும் கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதியும் துருப்பிடித்து அரித்திருந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது ஃபியட். 1964ல் பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கி, 1974 முதல் பிரீமியர் பத்மினி ஆனது. அம்பாசடரைவிட எடை குறைவு, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற கியரைப் போட்டுப் பழகிவிட்டால் கை அதற்காகவே ஏங்கும். தகடு மட்டும் மெலிசு, கடலோர ஊர் வண்டியாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. 1961லிருந்து சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி. அங்கே முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆலை கிடைக்காததால், தனி சேஸி மேல் துண்டு துண்டாகப் பாடியைப் போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி வடிவமைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த சங்கடம் இன்று நமக்கு வரம். மட்கார்டோடு சேர்ந்த முழு முன்பக்கமும் பானட்டாக முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மயிலாப்பூர்ச் சந்துகளில் இன்றைய ஆட்டோக்காரர்களுக்கே பொறாமை வரும். ஆனால் கண்ணாடி, பீடிங், விளக்கு மூடி மாதிரிச் சின்னச் சாமான்கள் கிடைப்பது கஷ்டம். பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள்.

பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய காயலான் கடைக்குத்தான் போடணுமாமே?

இல்லை. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்சியை ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். 2023 ஏப்ரலில் கட்டாயமாக ஓரங்கட்டியது அரசுக்குச் சொந்தமான வண்டிகளை. டெல்லியில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று போட்ட கட்டுப்பாட்டைச் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலரும் பயப்படுகிறார்கள். அது அந்த வட்டாரத்துக்கானது.

புதுப்பிக்கும் கட்டணம் சமீப ஆண்டுகளில் நன்றாக ஏறிவிட்டது. பரிவாகன் தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துவிட்டு ஆர்டிஓ ஆபீஸ் போங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? எஞ்சின் நல்லா இருந்தா போதும்ல?

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எஞ்சினை இறக்கி போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிச் சரிசெய்துவிடலாம், அதற்கு ஒரு கணக்கு உண்டு. துருவுக்குக் கணக்கு கிடையாது. காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, டிக்கி தரை, பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் “அதெல்லாம் எதுக்கு சார்” என்றால் கட்டாயம் தூக்குங்கள்.

அதற்கும் முன்னால் காகிதம். ஆர்சி புக்கில் உள்ள சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய அம்பாசடர், ஃபியட் பலவற்றில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டீசல் எஞ்சின் மாட்டிவிட்டார்கள். அதை ஆர்சியில் ஏற்றியிருந்தால் பரவாயில்லை. ஏற்றாமல் ஓட்டியிருந்தால் அந்தத் தலைவலி பெயர் மாற்றும்போது உங்களுக்கு வரும். பேப்பர் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஸ்பேருக்காக வாங்குவது வேறு கதை.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரு ரவுண்டா சொல்லுங்களேன்.

சொல்லமாட்டேன். நான் ஒரு தொகை சொன்னால் அதை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பாதியில் நிற்பீர்கள், ஊரில் பாதி வேலை முடிந்து கிடக்கிற வண்டிகள் எல்லாம் அப்படி நின்றவைதான். செலவு எப்படிப் பிரியும் என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பங்கு டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் போகும். எஞ்சின், கியர்பாக்ஸ் வேலைக்கு அதைவிடக் குறைவு. சீட், உள்துணி, க்ரோமியம் முலாம் இவற்றை எல்லோரும் சில்லறைச் செலவு என்று நினைப்பார்கள், அது இல்லை.

வண்டி வாங்கிய விலையைவிடச் சீர்செய்யும் செலவு அதிகமாகத்தான் இருக்கும். விற்றால் போட்ட பணம் வராது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இலாபத்துக்காகச் செய்வதாக இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு வழி பாருங்கள்.

வாங்கியாச்சு. முதல்ல பெயிண்ட் அடிச்சிடலாமா, பார்க்க நல்லா இருக்குமே?

பெயிண்ட் கடைசி. முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும், அதன்பின் பெட்ரோல் லைனும் ஒயரிங்கும், பிறகு எஞ்சின். இத்தனையும் முடித்து, வண்டியை அசிங்கமாகவே சில மாதம் ஓட்டுங்கள். ஓட்டினால்தான் எங்கே ஆயில் ஒழுகுகிறது, எந்தக் கதவு ஆடுகிறது, எங்கே தண்ணீர் உள்ளே வருகிறது என்று தெரியும். புதுப் பெயிண்ட் அடித்தபின் எஞ்சினை இறக்க நேர்ந்தால், மட்கார்டில் விழும் ஒவ்வொரு கீறலும் நெஞ்சில் விழும்.

பிரேக் என்றால் லைனிங் மட்டும் இல்லை. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்திலும் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாமே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓடாமல் நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளுக்குள் அரித்திருக்கும். ஹெரால்டுக்கு இன்னொன்று உண்டு. முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் டிரன்னியனுக்கு (சக்கரம் திரும்புகிற மரை மூட்டு) கிரீஸ் ஆகாது, இபி 90 கியர் ஆயில்தான் போடவேண்டும். பட்டறையில் பழக்கதோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். ஆயில் போகாத மரை தேய்ந்து முறிந்தால் சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். பக்கத்தில் நின்று பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கட அப்பான்ர ஆஸ்டின் ஏ40 யாழ்ப்பாணத்தில கராச்சுக்குள்ள கனவருசமா நிக்குது. பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமோ?

உடனே வேண்டாம். முதலில் டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், அது கெட்டு பிசினாகியிருக்கும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே ஹாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள், மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றினால் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள், பெட்ரோல் ஹோஸ்களை மாற்றுங்கள், சைலன்சருக்குள் எலி கூடு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாட்டும்போது ஒரு கவனம்: அந்தக் காலத்து ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஸ்டார்ட் செய்ய ஹாண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முறியும். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்த வண்டியும் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று. கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய ஏ40களும் மொரிஸ் மைனர்களும் யாழ்ப்பாணத்தில் ஏராளம். அப்படி ஓடியிருந்தால் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் பிரஷரைக் கட்டாயம் பாருங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குதா?

அம்பாசடருக்குக் கவலையே வேண்டாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிதும், புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். கிடைக்காததற்குக் கொல்கத்தா மல்லிக் பஜார். ஃபியட் சாமான்களுக்கு மும்பை நண்பர் ஒருவர் இருந்தால் நல்லது. ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், அங்கே டிரையம்ஃப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஆனால் நம்ம ஊர் நாலு கதவு ஹெரால்டின் கதவு, கண்ணாடி எல்லாம் அங்கே கிடைக்காது, நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது.

எதுவும் கிடைக்காவிட்டால் லேத் பட்டறை. புஷ், பின், ஷாஃப்ட் எல்லாம் பழசைக் காட்டினால் கோயம்புத்தூரில் கடைந்து தந்துவிடுவார்கள். அதனால் கழற்றிய எதையும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், புதுசு மாட்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அளவெடுக்க அதுதான் ஆதாரம்.

இதுக்கெல்லாம் மெக்கானிக் இப்ப யார் இருக்கா?

இருக்கிறார்கள், போர்டு இருக்காது. டாக்ஸி ஸ்டாண்டு பக்கத்தில் வயதான மேஸ்திரி ஒருவர் இருப்பார், விசாரியுங்கள். அவர் வேலை பார்க்கும்போது கூட நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுங்கள். அப்படிக் கற்பதுபோல வேறெதிலும் கற்க முடியாது. அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

பெட்ரோல்ல இப்ப எத்தனால் கலக்குறாங்களே, பழைய எஞ்சின் தாங்குமா?

எஞ்சின் தாங்கும், ரப்பர் தாங்காது. 2025ல் 20 சதவீதக் கலப்பு நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் பழைய ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். ஈரத்தையும் இழுக்கும், அதனால் நிற்கிற வண்டிக்குத்தான் அதிகக் கெடுதல். எத்தனால் தாங்குகிற ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், பம்புக்கும் கார்பரேட்டருக்கும் புது கிட் போடுங்கள். மிக்சர் கொஞ்சம் மெலிந்துபோகும், கார்பரேட்டர் தெரிந்தவரிடம் சொல்லிச் சற்றே கூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

ஈயம் கலக்காத பெட்ரோலில் வால்வு சீட் தேயுமா என்றும் கேட்கிறார்கள். இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்தே ஈயம் இல்லை. அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு இன்றைக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது. எப்படியும் ஹெட்டைக் கழற்றும் நாள் வரும், அன்று கெட்டியான வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம்.

டிராஃபிக்ல சூடாகி நின்னுடுது. எல்லா பழைய வண்டியும் இப்படித்தானா?

இல்லை. சென்னை வெயிலில் நாள் முழுக்க டாக்ஸியாக ஓடிய வண்டிகள் இவை. சூடானால் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், டைமிங் தள்ளிப்போயிருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து உள்ளே ராடு விட்டுச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டெம்பரேச்சர் முள் சரியாக இருந்தும் வண்டி நின்றுவிட்டால் அது வேறு. பம்பிலோ லைனிலோ பெட்ரோல் ஆவியாகி வழியடைத்துக்கொள்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், கிளம்பிவிடும். அடிக்கடி நடந்தால் பெட்ரோல் லைன் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்து நகர்த்துங்கள்.

என் பொண்ணு ஸ்விஃப்ட் நல்லா ஓட்டுவா. இதை ஓட்ட முடியுமா?

முடியும், ஒரு வாரம் காலி ரோட்டில் பழகட்டும். முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுசாக நின்றபின்தான் போடவேண்டும். ஓடும்போதே போடவேண்டுமானால் டபுள் கிளட்ச், அதாவது நியூட்ரலில் ஒருமுறை, கியர் போட ஒருமுறை என்று இரண்டு தடவை கிளட்ச் மிதிப்பது பழகணும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் இல்லாத வண்டிதான் அதிகம். அதனால் முன்னால் போகிற வண்டிக்கு விடுகிற இடைவெளி இரண்டு மடங்கு வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ வந்து நுழையும், கோபப்படாமல் மறுபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். கன்னியாகுமரி ரோட்டில் 120ல் போவதற்கான வண்டி இல்லை இது. 60, 70ல் இடதுபக்கமாகப் போனால் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும்.

ஹெரால்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ பின் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி சுழன்றுவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, லேசாக மிதித்தபடியே வெளியே வரவேண்டும். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போவதற்கு முன் இதை ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். டயரில் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள், பக்கவாட்டில் வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருக்கும். நைலான் டயரையும் ரேடியலையும் கலந்து மாட்டாதீர்கள்.

ஏசி, டிஸ்க் பிரேக், ஜப்பான் எஞ்சின் போட்டா ஒரிஜினாலிட்டி போயிடுமா?

கழற்றினால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சீட் பெல்ட், ஹசார்டு லைட், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் எல்லாம் அந்த வகை. சீட் பெல்ட்டை வெறும் தரைத் தகட்டில் மாட்டக்கூடாது, அடியில் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்த இடத்தில் மாட்டணும். டிஸ்க் பிரேக்கைத் தெரிந்தவர் போட்டால் சரி. ஏசிக்கு இந்தச் சின்ன எஞ்சின்களில் மிச்ச சக்தி கிடையாது. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் முகத்துக்கு நேரே காற்று வரும், காலையில் ஓட்டுங்கள்.

எஞ்சின் மாற்றுவது வேறு. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றினால் ஆர்சியில் அனுமதியோடு ஏற்றவேண்டும், இல்லையென்றால் சட்டச் சிக்கல். மேலே சொன்ன வின்டேஜ் தகுதியும் போய்விடும். எலக்ட்ரிக்காக மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கீகாரம் பெற்ற கிட் போட்டுச் சட்டப்படி செய்யலாம். ஆனால் அப்புறம் அதில் பாயிண்ட் இல்லை, கார்பரேட்டர் இல்லை, எனக்கு அதில் செய்ய வேலையும் இல்லை.

எங்கிட்ட 1968 ஹெரால்டு, எம்எஸ் நம்பர். விஏ நம்பருக்கு மாத்தணுமா?

மாற்றவேண்டாம். ஏற்கெனவே பதிவான வண்டி வின்டேஜ் பதிவுக்குப் போனாலும் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். விஏ என்பது வின்டேஜுக்கான நம்பர் வரிசை, புதிதாகப் பதிவாகிற வண்டிக்கு. புதுப் பதிவுக்கு ₹20,000, மறுபதிவுக்கு ₹5,000 என்று 2021 விதியில் இருந்தது. பதிவு பத்து ஆண்டு செல்லும்.

ஆனால் வின்டேஜ் பதிவு எடுத்தால் வண்டியை வழக்கமாக ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலப் பந்தயம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான். உங்கள் ஆர்சி நடப்பில் இருந்தால், எஃப்சி காட்டிச் சாதாரணப் பதிவிலேயே தொடர்வதுதான் என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிடக்கூடப் போக முடியாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்சூரன்ஸ் தருவாங்களா?

தேர்ட் பார்ட்டி கட்டாயம், தருவார்கள். முழுக் காப்பீட்டுக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும், இந்த வண்டிகளுக்கு விலைப்பட்டியல் கிடையாது. போட்டோ, செலவு பில் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

தாத்தா வண்டி இது. பெயிண்ட் மங்கிப்போச்சு, சீட் கிழிஞ்சிருக்கு. புதுசு மாதிரி ஆக்கிடலாமா?

தாத்தா வைத்திருந்த அதே பெயிண்ட், அதே சீட் என்றால் கை வைக்காதீர்கள். ஃபீவா என்ற உலகப் பழைய வண்டிக் கூட்டமைப்பும் இதைத்தான் சொல்கிறது: முதலில் காப்பாற்று, முடியாத இடத்தில் மட்டும் புதுப்பி. எந்திர வேலைகளை மேலே சொன்ன வரிசையில் முழுசாகச் செய்யுங்கள். பிரேக்கில் பழமைக்கு மரியாதை வேண்டாம், எல்லாம் புதுசு. பெயிண்டை மெதுவாகப் பாலிஷ் போட்டுப் பாருங்கள், பாதி மங்கல் போய்விடும். துரு பிடித்த இடத்தை மட்டும் வெட்டித் தைத்து, நிறம் கலந்து அடியுங்கள். கிழிந்த சீட்டைத் தையல்காரர் உள்ளே துணி கொடுத்துத் தைத்துவிடுவார்.

இடையில் யாரோ மேலே நாலு கோட் வேறு கலர் அடித்த வண்டி என்றால் இந்தப் பதில் பொருந்தாது. அதைச் சுரண்டித் தகடுவரை போய்ப் புதிதாக அடிக்கலாம். கதவு இடுக்கிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் பழைய நிறம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து அதே நிறம் கலக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிஞ்சது. வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்ல?

அதற்கு ஸ்டார்ட் செய்யாமலே இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுசாகச் சூடாகாது. எரிந்த பெட்ரோலில் வரும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி அரிக்கும், சோக் இழுத்து ஓடியதால் சிலிண்டர் சுவரில் ஆயில் கழுவிப்போகும், பேட்டரியும் எடுத்த கரண்டைத் திரும்பப் பெறாது. பிரேக்கும் கிளட்ச்சும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, இருபது கிலோமீட்டராவது போய் எல்லா கியரிலும் ஓட்டிவிட்டு வாருங்கள். மழைக்காலத்தில் முடியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். டேங்கில் எத்தனால் பெட்ரோல் அரைகுறையாக நிற்கவேண்டாம், நிரப்பி வையுங்கள் அல்லது வடித்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், போட்டு வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும், எலிக்கு ஒரு பொறியும் வையுங்கள்.